18446744073709551615: கையாலயே பகாக் காரணி பிரிக்க முடியுமா?

ஜெலுத்தோங் அப்பா:
மகள் படிவம் 2. டியூஷன்ல சதுரங்கக் கட்டத்துல 1, 2, 4-ன்னு இரட்டிச்சு இரட்டிச்சு அரிசி வச்ச கதையைச் சொல்லி, மொத்தம் 2^64 − 1-ன்னு எழுதிப் போட்டிருக்காங்க. "இதைப் பகா எண்ணாப் பிரிச்சுக் காட்டுங்கப்பா"ன்னு வந்து நிக்கிறா. கால்குலேட்டர் பத்து இலக்கத்தோட நின்னுடுச்சு. எக்செல்ல போட்டா 18446744073709600000-ன்னு காட்டுது. இரட்டை எண்ணுல ஒன்னு கழிச்சா அது எப்படிலா சுழியில முடியும்? கடைசி இலக்கம் 5-ன்னு நாங்களே பிடிச்சிட்டோம்: 2, 4, 8, 6-ன்னு நாலு நாலா சுத்துது, 64 நாலால வகுபடும், அதனால 6, ஒன்னு போனா 5. அதுக்கு மேல நகரல. இணையத்துல தட்டுனா விடை கிடைக்கும், அது வேணாம். அவளுக்குப் புரியுற வழி வேணும்.

ஓய்வு வாத்தியார், பட்டர்வொர்த்:
தம்பி, எக்செல் 15 இலக்கம்தான் வச்சிக்கும், மிச்சத்துக்குச் சுழி போட்டு ரொப்பிடும். அதை நம்பாதீங்க. அ² − ஆ² = (அ − ஆ)(அ + ஆ), இது படிவம் 2 பாடம்தானே. 2^64 − 1-ஐ (2^32 − 1)(2^32 + 1)-ன்னு உடைங்க. முதல் பாதியை மறுபடி உடைங்க, அதுல முதல் பாதியை மறுபடி. கடைசியில 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297. இதுல 65537 வரைக்கும் எல்லாம் பகா எண். கடைசி ஆள்தான் வில்லங்கம். பெர்மாங்கிற கணித மேதை அதுவும் பகா எண்ணுன்னுதான் நம்பினார். 1732-ல ஆய்லர் 641-ஆல வகுத்துக் காட்டிட்டார். ஈவு 6700417, அதுவும் பகா எண்.

ஜெலுத்தோங் அப்பா:
நன்றி சார். ஆனா "641 எங்கேர்ந்து குதிச்சது?"ன்னு கேக்குறா. வகுத்துப் பாத்துட்டா, மீதி வரல. அது போதாதாம் அவளுக்கு.

பிரிக்ஃபீல்ட்ஸ் பையன்:
பாப்பா கேட்டது நியாயம்ணே. 2^32 + 1-ஐ வகுக்குற பகா எண் எதுவா இருந்தாலும் 64-ன் மடங்கைவிட ஒன்னு கூடுதலா இருக்கணும், இது ஆய்லர் நிரூபிச்சது. அப்ப 193, 257, 449, 577, 641. அஞ்சாவது ஆளே மாட்டிக்கிட்டான். வகுக்காமலே காட்டவும் வழி இருக்கு:
641 = 625 + 16, அதாவது 5^4 + 2^4. இதை 2^28-ஆல பெருக்கினா 640^4 + 2^32. (5 × 2^7 = 640, அதான்.) இது 641-ன் மடங்கு.
640^4 − 1 = 639 × 641 × (640² + 1). இதுவும் 641-ன் மடங்கு.
முதல்லேர்ந்து ரெண்டாவதைக் கழிங்க. 2^32 + 1 நிக்கும்.
நான் இதை முதல்ல பாத்தப்ப பஸ்ல ஸ்டாப்பைத் தவறவிட்டேன்.

ஜெலுத்தோங் அப்பா:
அந்தக் கழித்தலை மூனு தடவை எழுதிப் பாத்துட்டா. இப்ப மொத்தம் எத்தனை காரணின்னு ஆரம்பிச்சிருக்கா. எனக்கு நைட் ஷிஃப்ட், யாராச்சும் சொல்லிடுங்க.

ஓய்வு வாத்தியார், பட்டர்வொர்த்:
ஏழு பகா எண், எல்லாம் ஒவ்வொரு தடவைதான் வருது. ஒவ்வொன்னையும் சேக்கலாம், விடலாம்; 2^7 = 128, ஒன்னையும் அந்த எண்ணையும் சேத்து. அடுத்து 2^128 − 1-ன்னு வந்து நின்னா பயப்படாதீங்க, புது வேலை 2^64 + 1 மட்டும்தான்: 274177 × 67280421310721. லாண்ட்ரிங்கிற கணிதக்காரர் 1880-ல பிரிச்சது. அதுக்கு 641 மாதிரி குறுக்கு வழி கேட்டா என்கிட்ட அனுப்பாதீங்க, அந்தப் பையனைப் பிடிங்க.