2009 இன்னோவாவில் 9 இஞ்ச் ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன், புது ஸ்பீக்கர்: வீட்டிலேயே மாட்ட எதெல்லாம் கவனிக்கணும்?

ஈரோட்டு டீசல்:

வண்டி 2009 இன்னோவா, 2.5 டீசல். கம்பெனி சிடி பிளேயர்தான் இன்னும் இருக்கு. ப்ளூடூத் கிடையாது, ரிவர்ஸ் கேமரா கிடையாது. அதை எடுத்துட்டு 9 இஞ்ச் ஆண்ட்ராய்டு செட், கேமரா, முன் கதவுக்கு நல்ல ஸ்பீக்கர் போடணும். கடையில விட்டா ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுத்திடுறாங்க. அதனால நானே செய்யலாம்னு இருக்கேன். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும், சால்டரிங்கும் வரும்.

கேள்விகள்: ஒயர் கலர் பார்த்து கலருக்குக் கலர் சேர்த்தா போதுமா? செட்டு மேல 4x60 வாட்னு போட்டிருக்கு, தனியா ஆம்ப் (சத்தத்தைப் பெருக்குற ஆம்ப்ளிஃபயர்) வேணுமா? வண்டி ஒரு வாரம் நின்னா பேட்டரி இறங்கிடும்னு சொல்றாங்களே, உண்மையா?

பன்னிரண்டு வோல்ட்:

முதல் கேள்விக்கு முதல்ல பதில். கலருக்குக் கலர் சேர்த்தா செட்டு அன்னைக்கே போயிடும். டொயோட்டா ஒயர் கலர் வேற, வெளியில விக்கிற செட்டோட கலர் வேற. பேர் ஒண்ணா இருக்கும், வேலை வேறயா இருக்கும்.

டொயோட்டா பக்கம் ஸ்டீரியோக்குப் பின்னாடி 10 பின் கப்ளர் ஒண்ணு, 6 பின் கப்ளர் ஒண்ணு வரும். 10 பின்ல பவரும் முன் ஸ்பீக்கரும், 6 பின்ல பின் ஸ்பீக்கர். கலர் இப்படி:

நீலத்துல மஞ்சள் கோடு: பேட்டரி நேர் 12 வோல்ட், சாவி இல்லாமலும் இருக்கும்
சாம்பல்: ஏசிசி, சாவி போட்டா மட்டும் வரும்
பிரவுன்: எர்த்
பச்சை: பார்க் லைட் போட்டா 12 வோல்ட்
பிங்க், ஊதா: முன் இடது ஸ்பீக்கர் பிளஸ், மைனஸ்
இளம்பச்சை, நீலம்: முன் வலது பிளஸ், மைனஸ்
கருப்பு, மஞ்சள்: பின் இடது பிளஸ், மைனஸ்
சிவப்பு, வெள்ளை: பின் வலது பிளஸ், மைனஸ்

புது செட்டுல மஞ்சள் பேட்டரி, சிவப்பு ஏசிசி, கருப்பு எர்த், ஆரஞ்சு லைட். ஸ்பீக்கருக்கு வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கருப்புக் கோடு போட்டது மைனஸ்.

இப்ப ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. சாம்பலோட சாம்பலைச் சேர்த்தா, சாவி திருப்பின நொடியே 12 வோல்ட் நேரா முன் வலது ஸ்பீக்கர் அவுட்புட்டுக்குள்ள போகும். பச்சையோட பச்சை இன்னும் மோசம். பகல்ல எல்லாம் நல்லா ஓடும், ராத்திரி லைட் போட்டதும் ஆம்ப் ஐசி செத்துடும். ஏன் செத்துச்சுன்னே யாருக்கும் புரியாது, செட்டு டூப்ளிகேட்னு திட்டுவாங்க.

அதனால டொயோட்டா 10+6 பின் ஹார்னஸ் வாங்குங்க. சில நூறு ரூபாய்தான். ஒரு முனை வண்டி கப்ளர்ல அப்படியே சொருகும், மறுமுனை செட்டுக்கு. வண்டி ஒயர் ஒண்ணைக்கூட வெட்ட வேண்டாம், நாளைக்கு வண்டியை விக்கும்போது பழைய செட்டையே திருப்பி மாட்டிக்கலாம். ஆனா ஹார்னஸையும் கண்ணை மூடிக்கிட்டு நம்பாதீங்க, உள்ளே பின் மாத்திச் சொருகின சரக்கும் வருது. செட்டு மாட்டுறதுக்கு முன்னாடி மீட்டர் வெச்சுப் பாருங்க:

மஞ்சள்ல சாவி இல்லாம 12.4ல இருந்து 12.7 வரைக்கும் வரணும். சிவப்புல சாவி இல்லாம பூஜ்யம், ஏசிசில 12. ஆரஞ்சுல பார்க் லைட் போட்டா மட்டும். ஒவ்வொரு ஸ்பீக்கர் ஜோடியிலும் ஓம் வெச்சா 3.2ல இருந்து 4க்குள்ள காட்டணும். அப்புறம் முக்கியமானது: எந்த ஸ்பீக்கர் ஒயருக்கும் பாடிக்கும் நடுவுல தொடர்பே இருக்கக் கூடாது. இந்த செட்டுகள்ல ஸ்பீக்கர் மைனஸ் எர்த் கிடையாது, அதுலயும் சிக்னல் ஓடுது. மைனஸ் பாடியில உரசினா செட்டு புரொடெக்ஷன்ல போய் சத்தம் வராது.

மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினா செட்டு எரியாது. ஆனா சாவி எடுத்தவுடனே எல்லாத்தையும் மறந்துடும், ஒவ்வொரு தடவையும் புதுசா பூட் ஆகும். "செட்டிங் நிக்கவே மாட்டேங்குது"ன்னு வர்ற புகார்ல பாதி இதுதான்.

கழற்றுற வேலை: பேட்டரி மைனஸை 10 மி.மீ. ஸ்பானரால எடுத்துட்டு 90 விநாடி பொறுங்க, ஏர்பேக் இருந்தா டொயோட்டா மேனுவலே அதைத்தான் சொல்லுது. மஞ்சள் உறை போட்ட கப்ளர் எதையும் தொடாதீங்க, அது ஏர்பேக் ஒயர். நடு பேனலை இரும்பு ஸ்க்ரூடிரைவரால நெம்பாதீங்க, பிளாஸ்டிக் பிரை டூல் செட் வாங்கிக்கோங்க. இத்தனை வருஷ வெயில்ல கிளிப்பெல்லாம் மொறுமொறுன்னு ஆகியிருக்கும். ஓரத்துல ஆரம்பிச்சு ஒரு கிளிப் விட்டதும் பக்கத்துக்குப் போங்க, ஒரே பக்கமா இழுக்காதீங்க. பேனல் கையில வந்ததும் பின்னாடி சுவிட்ச் கப்ளர் மாட்டிக்கிட்டு இருக்கும், அதை விடுவிச்சுட்டு வெளியே எடுங்க. ஸ்டீரியோவை பிராக்கெட்டோட 10 மி.மீ. போல்ட் பிடிச்சிருக்கும். போல்ட் உள்ளே விழுந்தா கியர் கன்சோலைக் கழற்றணும், காந்த முனை சாக்கெட் இருந்தா நிம்மதி.

எங்கயாவது இணைப்பு போட்டே ஆகணும்னா கிரிம்ப் பண்ணுங்க (கனெக்டரை ஒயர் மேல நசுக்கிப் பிடிக்க வைக்கிறது), இல்ல சால்டர் வெச்சு மேல ஹீட் ஷ்ரிங்க் டியூப் போடுங்க. இன்சுலேஷன் டேப் மட்டும் போதாது. மே மாச வெயில்ல டாஷ்போர்டுக்குள்ள டேப் கோந்து இளகி, சுத்தினது தானா பிரிஞ்சு நிக்கும்.

ரிச்சி தெரு:

ஒயரிங்குக்கு மேல சொன்னதுல சேர்க்க ஒண்ணும் இல்லை. செட்டு வாங்குறதுல ரெண்டு மூணு விஷயம்.

ஃப்ரேம்தான் முதல்ல. டொயோட்டா ஓப்பனிங் 200 மி.மீ. அகலம், டபுள் டின்ங்கிற பொதுவான ஸ்டீரியோ அளவு 178 மி.மீ. 7 இஞ்ச் பிராண்டட் செட்டுன்னா ரெண்டு பக்கமும் 11 மி.மீ. இடைவெளி விழும், அதுக்கு சைட் ஸ்பேசர் கிடைக்குது. 9 இஞ்ச்சுன்னா இன்னோவாவுக்குன்னு தனி ஃப்ரேம் வேணும். 2012 மாடலுக்கு முன்னாடி வந்த டாஷ்போர்டும் பின்னாடி வந்ததும் வேற வேற, "இன்னோவா ஃப்ரேம்"னு பொதுவா கேட்டா எதையாவது தருவாங்க. கழற்றின பேனலைக் கையோட எடுத்துட்டுப் போங்க. சென்னைப் பக்கம் வந்தா ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல அங்கேயே வெச்சுப் பார்த்து வாங்கிடலாம்.

என்னைக் கேட்டா 9 இஞ்ச்சே வேண்டாம்பேன். சோனி, பயனியர் மாதிரி 7 இஞ்ச் கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ செட்டு சில விநாடியில கிளம்பும், மேப்பும் பாட்டும் போன்ல இருந்தே வரும், அஞ்சு வருஷம் கழிச்சும் அதே வேகம். மலிவு ஆண்ட்ராய்டு செட்டுல 2 ஜிபி ராம் போட்டு மேப், பாட்டு ரெண்டும் ஓடவிட்டா திணறும். வாங்கித்தான் ஆகணும்னா உண்மையான 4 ஜிபி ராம், 64 ஜிபிக்குக் கீழே போகாதீங்க. "அபவுட்" பக்கத்துல காட்டுறதை நம்பாதீங்க, அதுல எந்த எண்ணையும் எழுதி வெப்பாங்க. ராம், சிப் விவரம் காட்டுற ஆப் ஒண்ணைக் கடையிலேயே இன்ஸ்டால் பண்ணிப் பாருங்க. கடைக்காரர் தயங்கினா பதில் கிடைச்சாச்சு.

2009 இன்னோவா ஸ்டீரியோ ஒயரிங்குக்கு கேன் பஸ் பாக்ஸ் (வண்டியோட கம்ப்யூட்டர் சிக்னலைச் செட்டுக்குப் புரியவைக்கிற பெட்டி) தேவையில்லை. அதைச் சேர்த்து பில் போட்டா எடுக்கச் சொல்லுங்க. ஸ்டியரிங்ல பட்டன் இருந்தா அது ரெசிஸ்டன்ஸ் முறை, செட்டோட கீ1, கீ2 ஒயர்ல சேர்த்து செட்டிங்ல ஒவ்வொரு பட்டனா சொல்லிக் கொடுத்தா பிடிச்சுக்கும்.

கேமரா: பவரை ரிவர்ஸ் பல்ப் ஒயர்ல இருந்து எடுங்க. படத்தைக் கொண்டுவர்ற ஆர்சிஏ கேபிளோட கூடவே ஒரு மெல்லிய சிவப்பு ஒயர் வரும். அதோட பின் முனையையும் அதே ரிவர்ஸ் பிளஸ்ல சேர்த்து, முன் முனையை செட்டோட "பேக்" ஒயர்ல கொடுக்கணும். அதை விட்டுட்டா படம் இருக்கும், ஆனா ரிவர்ஸ் போட்டா தானா மாறாது. டிக்கிக் கதவு ரப்பர் குழாய்க்குள்ள கேபிளை விடும்போது கதவை முழுசாத் திறந்து வெச்சு அந்த நீளத்துக்கு மேல கொஞ்சம் தளர்வு விடுங்க, இல்லைன்னா ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் இழுபட்டு உள்ளேயே அறுந்துடும். படம் கோடு கோடா, கருப்பு வெள்ளையா உருண்டா கேமரா கெட்டுப்போகலை. கேமரா ஏஎச்டிங்கிற புது வீடியோ முறை, செட்டிங் பழைய சிவிபிஎஸ் முறையில இருக்கு, இல்ல தலைகீழா. மெனுவுல மாத்திடுங்க. இடம் வலமா மாறித் தெரிஞ்சா கேமரா ஒயர்லயே ரெண்டு சின்ன லூப் இருக்கும், ஒண்ணு கோட்டுக்கு, ஒண்ணு பிம்பத்துக்கு. எது எதுன்னு கூட வர்ற தாள்ல பார்த்துட்டு வெட்டுங்க.

ஜிபிஎஸ் ஆன்டெனாவை செட்டுக்கு மேலயே திணிச்சுடாதீங்க. கண்ணாடிக்குப் பக்கத்துல, டாஷ்போர்டு பிளாஸ்டிக்குக்கு அடியில மேல் பார்த்த மாதிரி இருக்கட்டும். வெளி மைக்கை பில்லர்ல ஒட்டுங்க. செட்டு முகத்துலயே இருக்கிற மைக்குக்கு ஏசி காத்துச் சத்தம்தான் முதல்ல கேக்கும்.

மதுரை ஸ்பீக்கர்:

அந்த 4x60 வாட் எல்லாம் அட்டைப்பெட்டிக்கு மேல எழுதுறதுக்கு. செட்டுக்குள்ள பெரும்பாலும் டிடிஏ7388 மாதிரி ஐசிதான் இருக்கும். அதோட டேட்டாஷீட்லயே 14.4 வோல்ட்ல, 4 ஓம்ல, 10 சதவீத டிஸ்டார்ஷனோட சேனலுக்கு 25 வாட் பக்கம்தான். காதுக்குச் சுத்தமா வேணும்னா அதுக்கும் கீழே. டிடிஏ7850 இருந்தா கொஞ்சம் மேல், 30 வாட். 300 வாட்னு எழுதின ஸ்பீக்கரை இதுல மாட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை. பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி, அதாவது அதே பவருக்கு எவ்வளவு சத்தம் வருதுங்கிறது. 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட் கொடுத்து வர்ற சத்தம், 91 டெசிபல் ஸ்பீக்கருக்கு 10 வாட்லயே வந்துடும். ஆம்ப் போடலைன்னா 91க்குக் குறைஞ்சதை எடுக்காதீங்க, 4 ஓம் மட்டும்.

பட்ஜெட்ல பாதியை ஸ்க்ரீனுக்குக் கொட்டாதீங்க. கதவுலதான் காசு வேலை செய்யும்.

பழைய ஸ்பீக்கரைக் கழற்றி, துளை விட்டம், ஸ்க்ரூ இடைவெளி, ஆழம் மூணையும் அளந்துட்டு ஸ்பேசர் வளையம் வாங்குங்க. ஆழம் அளக்கும்போது கண்ணாடி முழுசா கீழே இறங்கியிருக்கணும். மேல ஏத்தி வெச்சு அளந்தா, மாட்டி முடிச்சு கண்ணாடி இறக்கும்போது காந்தத்துல போய் நிக்கும். எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) வளையம் மலிவு, ஆனா முதல் மழையிலேயே ஊதிடும். பிளாஸ்டிக் வளையம் வாங்குங்க, இல்ல எம்டிஎஃப்புக்கு ரெண்டு கோட்டு பெயின்ட் அடிங்க. வளையத்துக்கும் தகரத்துக்கும் நடுவுல ஃபோம் ஸ்ட்ரிப் ஒட்டணும், அங்க காத்து கசிஞ்சா பேஸ் வராது.

அடுத்தது டேம்பிங் ஷீட், கதவுத் தகரம் அதிராம இருக்க ஒட்டுறது. ஸ்பீக்கர் துளை வழியா கையை விட்டு வெளித் தகரத்தோட உட்பக்கத்துல பியூட்டைல் ரப்பர் ஷீட்டை ஒட்டி ரோலரால நல்லா அழுத்துங்க. முதல்ல ஐசோபுரொபைல் ஆல்கஹாலால துடைச்சிடுங்க. தூசி மேல ஒட்டினது வெயில்ல வழுக்கி இறங்கி கண்ணாடி ரெயில்ல சிக்கும். முழுத் தகரத்தையும் மூட வேண்டாம், பாதி பரப்பு போதும். கதவு அடியில இருக்கிற தண்ணி வடியுற துளையை மட்டும் அடைச்சிடாதீங்க, மழைத் தண்ணி தேங்கி கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ட்ரிம்முக்கு (கதவு உள்பேனல்) பின்னாடி ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் ஷீட்டும் தண்ணித் தடுப்புதான். கிழிச்சா அடுத்த மழைக்குக் கால்மிதி நனையும்.

போலாரிட்டி (எது பிளஸ், எது மைனஸ்) சந்தேகம்னா, ஒயர் செட்டுல இருந்து கழன்டு இருக்கும்போது, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்க. பேட்டரி பிளஸ் தொட்ட ஒயர் பிளஸ்ஸா இருந்தா கோன் வெளியே வரும். ஒரு கதவு மட்டும் மாறிப்போனா சத்தம் இருக்கும், பேஸ் மட்டும் காணாம போகும், பாடுறவர் குரல் நடுவுல நிக்காது. பலர் இதை ஸ்பீக்கர் குறைன்னு நினைச்சு அடுத்த ஸ்பீக்கர் வாங்கப் போறாங்க.

செட்டுல டிஎஸ்பி (சத்தத்தைத் திருத்துற வசதி) இருந்தா கதவு ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் 80 ஹெர்ட்ஸ் வெச்சு (அதுக்குக் கீழ இருக்கிற பேஸைக் குறைக்கும்), லவுட்னஸை ஆஃப் பண்ணுங்க. அப்புறம் டைம் அலைன்மென்ட், அதாவது ரெண்டு ஸ்பீக்கர் சத்தமும் காதுக்கு ஒரே நேரத்துல வர வைக்கிறது. காதுல இருந்து ரெண்டு ஸ்பீக்கருக்கும் டேப் பிடிங்க. வலது 90 செ.மீ., இடது 150 செ.மீ.னு வந்தா வித்தியாசம் 60. சத்தம் ஒரு மில்லி விநாடிக்கு 34 செ.மீ. போகும், அதனால பக்கத்துல இருக்கிற வலது ஸ்பீக்கரை 1.75 மில்லி விநாடி தாமதப்படுத்தணும். இதுக்குக் காசே கிடையாது, ஆனா இதைச் செய்யாம விடுறவங்கதான் அதிகம்.

பேஸ் பத்தலைன்னா சீட்டுக்கு அடியில வைக்கிற ஆக்டிவ் சப்ஊஃபர் (உள்ளேயே ஆம்ப் இருக்கிற பேஸ் ஸ்பீக்கர்) போதும். அதுக்குப் பவரை ஸ்டீரியோ ஒயர்ல இருந்து எடுக்காதீங்க. பேட்டரியில இருந்து தனி ஒயர், பேட்டரி முனையில இருந்து 45 செ.மீ.க்குள்ள ஃபியூஸ். அந்த ஃபியூஸ் ஒயரைக் காப்பாத்தத்தான். சப்ஊஃபர் பக்கத்துல போட்டா நடுவுல ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது தீ பிடிக்கும். எர்த் பாயின்ட்ல பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரியணும். பவர் ஒயர் ஒரு பக்கம், ஆர்சிஏ (இங்க சத்தச் சிக்னல் கேபிள்) மறு பக்கம். ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க "உய்ய்"னு சத்தம் ஏறினா முதல்ல எர்த்தைத்தான் பாருங்க.

ஈரோட்டு டீசல்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். கலர் விஷயம் தெரியாம இருந்திருந்தா பச்சைக்குப் பச்சை சேர்த்திருப்பேன். ஆம்ப் இப்ப வேண்டாம், கதவு வேலை முதல்ல. பேட்டரி பத்தி மட்டும் யாராவது சொல்லுங்களேன். வண்டி சில சமயம் பத்து நாள் எடுக்காம நிக்கும்.

பன்னிரண்டு வோல்ட்:

ஆண்ட்ராய்டு செட்டு சீக்கிரம் எழுந்திரிக்கணும்னு சாவி எடுத்தாலும் முழுசா அணையாம ஸ்லீப்ல இருக்கும். மெனுவுல "ஸ்லீப் டைம்" மாதிரி ஒண்ணு இருக்கும், அதை உடனே ஷட்டவுன்னு வெச்சிடுங்க. பூட் ஆக கொஞ்ச நேரம் கூடும், அவ்வளவுதான்.

அளந்தே பாத்துடலாம். மீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்டுக்கு மாத்தி, பேட்டரி மைனஸ் முனைக்கும் கழற்றின கேபிளுக்கும் நடுவுல வையுங்க. பானெட், கதவு திறந்திருக்கிறதால லைட் எரியும், கதவு லாக்கை ஸ்க்ரூடிரைவரால மூடின மாதிரி அழுத்தி வெச்சிடுங்க. மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவி திருப்பவே கூடாது, மீட்டர் ஃபியூஸ் போயிடும். அரை மணி நேரம் விட்டுப் பாருங்க. 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இருந்தா கவலை வேண்டாம், ஒரு நாளைக்கு 1.2 ஏஎச் (ஆம்பியர் மணி)தான். 300 காட்டினா ஒரு நாளைக்கு 7.2, அஞ்சு நாள்ல 36. 70 ஏஎச் பேட்டரியா இருந்தா பாதி காலி, டீசல் இன்ஜினைச் சுத்த அது பத்தாது.

அப்படி அதிகமா வந்தா செட்டோட ஃபியூஸை உருவிப் பாருங்க. கீழே இறங்கிட்டா குற்றவாளி செட்டுதான். இறங்கலைன்னா கேமராவுக்கு ரிவர்ஸ் பல்ப்ல எடுக்காம வேற எங்கயோ நேர் பவர் எடுத்திருக்கா, டேஷ்கேம் ஏதாவது இருக்கான்னு ஒவ்வொண்ணா உருவிக்கிட்டே வாங்க.