புதுப்பிப்பு: இடிக்குப் பயந்த மகள் மீண்டும் தனியாகத் தூங்குகிறாள்

இடி இடித்த ஓர் இரவுக்குப் பிறகு இரண்டரை வயது மகள் தன் அறையில் தூங்க மறுக்கிறாள் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது நாற்காலி யோசனைதான்: கட்டிலருகே உட்கார்ந்து, சில நாட்களுக்கு ஒருமுறை நாற்காலியை வாசல் பக்கம் நகர்த்துவது. முதல் 4 இரவுகள் என் சுண்டுவிரலைப் பிடித்தபடியேதான் தூங்கினாள். நடுவில் காய்ச்சல் வந்ததால் மறுபடி கட்டிலருகே போனேன், அதனால் கெட்டுவிடவில்லை. 16ஆம் நாள் நாற்காலி அறைக்கு வெளியே வந்துவிட்டது.

எதிர்பாராதது இரவு விளக்கு. அவள் கட்டிலில் நானே படுத்துப் பார்த்தபோதுதான், திரைச்சீலையின் நிழல் சுவரில் ஆடுவது தெரிந்தது. பாவம், எத்தனை இரவு அதைப் பார்த்து நடுங்கினாளோ! மங்கலான விளக்காக மாற்றித் தரையோரம் வைத்தேன். "பூச்சாண்டி போய்விட்டான்" என்றாள். இப்போது நள்ளிரவில் விழித்தாலும், முதுகைத் தட்டிக்கொடுத்தால் தூங்கிவிடுகிறாள்.