டைனமிக் லிங்கரைச் சுத்தம் செய்தேன், பிரேக்பாயின்ட் நிற்கவில்லை

அரைகுறை_ஆனந்தன்: அவசரம். லிங்கர் சோர்ஸில் ஒரு வேலையும் செய்யாத ஃபங்ஷன்களை எடுத்துவிட்டேன். கம்பைல் ஆகிறது, புரோகிராம்களும் ஓடுகின்றன. ஆனால் லைப்ரரிக்குள் பிரேக்பாயின்ட் வைத்தால், டீபக்கர் ஜிடிபி அந்த இடத்தில் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. நாளைக்குள் முடிக்க வேண்டும்.

மூட்டைப்பூச்சி: எந்த ஓஎஸ்? லிங்கர் என்றால் பில்டின்போது இணைக்கும் எல்டியா, புரோகிராம் ஓடும்போது லைப்ரரிகளை ஏற்றும் லோடரா? எதை எடுத்தீர்கள்?

சி_மட்டும்: ஃபங்ஷன் பெயர்களை, அதாவது சிம்பல்களை, ஸ்ட்ரிப் செய்து நீக்கியிருப்பீர்கள். சிம்பல் இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

பழையகர்னல்: தம்பி, லோடரில் கை வைக்கும் முன் அதைப் படிக்க வேண்டும். தன் முகவரிகளைத் தானே சரிசெய்து, தன்னையே ரீலொகேட் செய்துகொள்ளும் புரோகிராம் அது. தெரியாதவர்கள் தொடும் இடமில்லை.

பென்குயின்தாசன்: சிம்பல் தேட உதவும் ஹாஷ் டேபிளைத் தொட்டீர்களா? 2022இல் லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி 2.36 தன் லைப்ரரிகளில் பழைய டிடி_ஹாஷைக் கைவிட்டதும், அதை நம்பியிருந்த, கேமில் ஏமாற்றுவதைத் தடுக்கும் ஆன்டிசீட் உடைந்து சில கேம்கள் ஓடவில்லை.

சி_மட்டும்: அது பில்டில் மாற்றிய ஆப்ஷன். லோடர் இன்றும் இரண்டு ஹாஷையும் படிக்கும். சோர்ஸ் வரிகளையே எடுத்ததும் அதுவும் ஒன்றா?

பென்குயின்தாசன்: கேம் ஓடாதவனிடம் போய் இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள்.

சி_மட்டும்: அதற்குத்தான் லைப்ரரிகளைப் புரோகிராமுக்குள்ளேயே சேர்த்து எல்லாவற்றையும் ஸ்டாட்டிக்காக வையுங்கள் என்கிறேன்.

மூட்டைப்பூச்சி: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாமா? ஆனந்தன், ஓடிக்கொண்டிருக்கும் புராசஸில் ஜிடிபியை அட்டாச் செய்தால் லைப்ரரிகள் தெரிகின்றனவா?

அரைகுறை_ஆனந்தன்: ஃப்ரீபிஎஸ்டி, விஎம்மில். அட்டாச் செய்தால் எல்லாம் தெரிகிறது! எடுத்தவற்றில் ஒன்று ஆர்_டீபக்_ஸ்டேட். உள்ளே ஒன்றுமே இல்லை. அதைக் கூப்பிடும் வரிகளையும் எடுத்தேன். அதன் முகவரியை வைக்கும் ஆர்_பிஆர்கே வரியில் எரர் வந்தது, அதையும் நீக்கினேன்.

மூட்டைப்பூச்சி: அங்கேதான் கோளாறு. அது காலியாக இருப்பதே அதன் வேலை. லைப்ரரி ஏறும்போதும் இறங்கும்போதும் லோடர் அதைக் கூப்பிடும். அதன் முகவரி ஆர்_பிஆர்கேயில் இருக்கும், ஜிடிபி அங்கே ரகசியமாக ஒரு பிரேக்பாயின்ட் வைத்துக் காத்திருக்கும். நின்றதும் லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பிக்கும். அட்டாச் செய்யும்போது பட்டியலை நேராகவே படித்துவிடும், அதனால்தான் அங்கே தெரிகிறது. கம்பைலரும் உங்களைப் போலவே வேண்டாததென்று தூக்கிவிடக் கூடாது என்றுதான் உள்ளே கம்பைலருக்கு மட்டும் தடையாக ஒரு மெமரி பேரியர் வைத்திருக்கிறார்கள். மேலே கமென்டும் இருக்குமே?

பழையகர்னல்: நான்தான் சொன்னேனே, படிக்க வேண்டும் என்று.

மூட்டைப்பூச்சி: எதைப் படிக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை, சார். ஆனந்தன், இன்னொன்று. புது லோடரை அதன் இடமான லிப்எக்செக் டைரக்டரியில் போடும் முன், அதையே கமாண்டாக ஓட்டி, புரோகிராமை ஆர்க்யுமென்டாகக் கொடுத்துப் பாருங்கள். தவறான லோடர் உட்கார்ந்துவிட்டால் எல்எஸ் கமாண்டு கூட ஓடாது. அப்புறம் ரெஸ்க்யூ டைரக்டரியில் இருக்கும் ஸ்டாட்டிக் கமாண்டுகள்தான் கதி.

அரைகுறை_ஆனந்தன்: திருப்பி வைத்தேன். நிற்கிறது. கமென்டை முதல் நாளே நீக்கியிருந்தேன். நன்றி.

பென்குயின்தாசன்: சரி, இவ்வளவு சுத்தம் செய்து எத்தனை பைட் மிச்சம்?

பென்குயின்தாசன்: ஆனந்தன்?