மலையகப் பிள்ளைகள் உயரம் குறைவது பரம்பரையாம், மருத்துவம் எல்லோருக்கும் சமமாம்!

மூன்றாம்மலை:
நேற்று வேறொரு திரியில் நேர்ப்பேச்சு என்பவர் எழுதியதை அப்படியே எடுத்துப் போடுகிறேன். "இலங்கையில் 1951 முதல் அரச வைத்தியசாலையில் எல்லோருக்கும் இலவச மருத்துவம். கொழும்பு முதலாளிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் ஒரே கட்டில், ஒரே மருந்து. மலையகப் பிள்ளைகள் உயரம் குறைவு என்றால் அது பரம்பரை. தாய் தகப்பன் குள்ளம் என்றால் பிள்ளை என்ன தென்னைமரமா?"

அந்தத் திரியைப் பூட்டிவிட்டார்கள், அதனால் இங்கே கேட்கிறேன். 2016 குடித்தொகை சுகாதாரக் கணக்கெடுப்பு கையில் கிடைக்கிறதே, ஒருக்கால் திறந்து பார்த்தீர்களா ஐயா? ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 வீதம். மலையகத் தமிழர் வேலை செய்கிற தேயிலை, ரப்பர் தோட்டங்களில் கிட்டத்தட்ட 32 வீதம். ஒரே கட்டில், ஒரே மருந்து என்றால் இந்த இரட்டிப்பு எங்கிருந்து வந்தது?

நேர்ப்பேச்சு:
நான் 32 வீதத்தை மறுக்கவேயில்லை. காரணம் பரம்பரை என்றுதான் சொன்னேன். உயரத்துக்கு வைத்தியசாலை என்ன செய்யும்? பிள்ளை உயிரோடு இருக்கிறதா, தடுப்பூசி போட்டாயிற்றா, தாய் பிரசவத்தில் தப்பினாளா, அதைக் கேளுங்கள். இன்று தோட்டத்துப் பெண்ணும் ஆஸ்பத்திரியில்தான் பிள்ளை பெறுகிறாள். பக்கத்து நாடுகள் நம்மைப் பார்த்து ஏங்குகின்றன. அதை விட்டுவிட்டு அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்.

மூன்றாம்மலை:
அளவுகோலைத் தூக்கியது நீங்கள். தென்னைமரம் என்று எழுதியது யார்?

சரி, அளவுகோலுக்கே வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைதான் இப்போது உலகெங்கும் பாவனையில் உள்ளது. அதற்காக ஆறு நாட்டில் பிள்ளைகளை அளந்தார்கள். ஒஸ்லோ, அக்ரா, மஸ்கட், தெற்கு டெல்லி எல்லாம் அதில் இருக்கின்றன. தாய்ப்பால் கிடைத்த, வீட்டில் வசதிக் குறைவு இல்லாத பிள்ளைகளாகப் பார்த்து எடுத்தார்கள். நோர்வேப் பிள்ளையும் இந்தியப் பிள்ளையும் முதல் ஐந்து வயதில் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்ந்தார்கள். பரம்பரை அங்கே எங்கே போய் ஒளிந்துகொண்டது?

நேர்ப்பேச்சு:
தெற்கு டெல்லியில் இருப்பவர்கள் பஞ்சாபிகள். பஞ்சாபி உயரமானவன். வெள்ளைக்காரன் காலத்தில் மலையகத்துக்கு வேலைக்கு வந்தவர்கள் திருச்சி, மதுரை, சேலம் பக்கத்து ஆட்கள். பஞ்சாபியை அளந்து சேலத்துக்குச் சட்டை தைக்கிறீர்கள்.

மூன்றாம்மலை:
டெல்லி முழுக்கப் பஞ்சாபியா? அக்ராவில் இருப்பவர்களும் பஞ்சாபியா?

ஊவா_மருத்துவமாது:
நான் பதுளைப் பக்கம் தாய் சேயைப் பார்க்கிற மருத்துவமாதாக வேலை செய்தவள். இருவருமே ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகிறீர்கள். தாய் குள்ளம் என்றால் பிள்ளை சின்னதாகப் பிறப்பது உண்மைதான். ஆனால் அந்தத் தாய் ஏன் குள்ளமானாள்? அவளும் லயத்துக் காம்பராவில், தோட்டத்து வரிசை வீட்டு அறையில், ரொட்டியும் சம்பலும் தின்று வளர்ந்தவள். வயிற்றில் பிள்ளையோடு மலையேறித் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். நிறையும் ஏறாது, இரத்தமும் இருக்காது. நாங்கள் இரும்புக் குளிசை கொடுப்போம், திரிபோஷ என்கிற சத்துமா கொடுப்போம். அந்தத் திரிபோஷ வீட்டில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்காகிவிடும்.

பிறகு 84 நாள் பிரசவ லீவு. 2018இல் சட்டத்தைத் திருத்தும்வரை மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள்தான். அதற்குப் பிறகு குழந்தை தோட்டத்துப் பிள்ளை காப்பகமான மடுவத்தில், தாய் மலையில். பால் கொடுக்கச் சட்டப்படி இடைவேளை உண்டு. ஆனால் மலையிலிருந்து இறங்கி வந்து பால் கொடுத்துத் திரும்ப ஏறினால் அன்றைக்கு எடுக்க வேண்டிய கொழுந்துக் கிலோ குறையும். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். எந்தத் தாய் இறங்கி வருவாள்?

நேர்ப்பேச்சு:
அக்கா, உங்கள் சேவைக்கு மரியாதை. ஆனால் "தாய் குள்ளம் என்றால் பிள்ளை சின்னது" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அதற்குப் பெயர்தான் பரம்பரை. நன்றி.

மூன்றாம்மலை:
முதல் வரியை வாசித்துவிட்டு ஓடிவந்துவிட்டார். மிச்சத்தை யார் வாசிப்பது, உங்கள் பரம்பரையா?

கணக்குப்புத்தகம்:
தோட்டத்தில் உத்தியோகம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் கம்பனியைத் திட்டுவது பாஷனாகிவிட்டது. 1992இல் அரசிடமிருந்து கம்பனிகள் பொறுப்பெடுத்தபோது தோட்டங்கள் எந்த நிலையில் இருந்தன தெரியுமா? 2021இல் 1000 ரூபா, 2024இல் 1350 ரூபா என்று நாட்சம்பளத்தை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். தேயிலை விலையைக் கம்பனி தீர்மானிப்பதில்லை. அதோடு சம்பளத்தைக் கூட்டினால் அது பிள்ளையின் வயிற்றுக்குப் போகும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பாதி தவறணைக்கு, அதாவது சாராயக் கடைக்குப் போகிறது. நான் கண்ணால் பார்த்தது.

மூன்றாம்மலை:
வந்துவிட்டார் கணக்குப்பிள்ளை ஐயா. இவ்வளவு நேரம் எங்கே என்று பார்த்தேன்.

1000 ரூபா வந்த மறுமாதம் பல தோட்டங்களில் கிலோவை ஏற்றினது யார்? 18 எடுத்தவளை 20 எடு என்றது யார்? எடுக்காவிட்டால் 500 ரூபா என்று அரைப்பேர் போட்டது யார்? உங்கள் புத்தகத்தில் 1000 ரூபா, அவள் கையில் எவ்வளவு? 2024 மே மாதம் 1700 ரூபா என்று வர்த்தமானி வந்ததும் நீதிமன்றத்துக்கு ஓடினவர்கள் யார்? செப்டம்பரில் 1350 ஆக இறங்கிய கதையை ஏன் பாதியில் விழுங்கினீர்கள்?

தவறணைக் கதையை வேறு கொண்டு வருகிறீர்கள். கொழுந்து எடுப்பது பெரும்பாலும் பெண்கள். எந்தப் பெண் தவறணையில் நிற்கிறாள்? சம்பளத்தை அவள் கையில் கொடுங்கள். சில தோட்டங்களில் புருஷன் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போன காலமும் இருந்ததே, அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

கணக்குப்புத்தகம்:
கிலோ தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். 18 என்று பொதுவாக அடித்துவிடாதீர்கள். 16 வைத்த தோட்டமும் உண்டு.

மூன்றாம்மலை:
அந்தத் தோட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள், நாளைக்கே என் சித்தி குடும்பத்தை அனுப்புகிறேன்.

சோழநாட்டான்:
தமிழ்நாட்டிலிருந்து ஒரு வார்த்தை. இதற்கெல்லாம் தீர்வு நாங்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டோம். சத்துணவு! காமராஜர் தொடங்கினார், 1982இல் எம்.ஜி.ஆர். பெரிதாக விரித்தார். அப்புறம் முட்டை வந்தது, 2022இல் காலை உணவும் வந்தது. பள்ளிக்கு வந்தால் சோறு. பிள்ளைகள் தானாக வளரும். உங்கள் அரசு இதைக்கூடச் செய்யாதா?

நேர்ப்பேச்சு:
வந்தாரய்யா பெரிய அண்ணன். உங்கள் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 25 வீதம். எங்கள் நாட்டுச் சராசரி 17. முட்டை எங்கே போனது?

சோழநாட்டான்:
இந்தியாவின் மொத்தச் சராசரி 35க்கு மேல். அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் மக்கள்தொகை ஏழு கோடிக்கு மேல், உங்கள் தீவு மொத்தம் இரண்டேகால் கோடி. பேச்சைக் குறையுங்கள்.

மூன்றாம்மலை:
ஒரு நிமிடம். நேர்ப்பேச்சு ஐயா, தமிழ்நாட்டில் 25, எங்கள் தோட்டத்தில் 32. இரண்டும் ஒரே ஊர் ஆட்கள், ஒரே "பரம்பரை" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். சேலத்தில் இருந்தவன் பிள்ளை 25, கடல் தாண்டி உங்கள் உலகப் புகழ் இலவச மருத்துவத்துக்குள் வந்தவன் பிள்ளை 32. பரம்பரை கப்பலில் கெட்டுப்போனதா?

நேர்ப்பேச்சு:
கணக்கெடுத்த வருடம் வேறு, நாடு வேறு, முறை வேறு. அதோடு பஞ்சாபிக் கேள்விக்குப் பதில் இல்லை.

சோழநாட்டான்:
எம்.ஜி.ஆர். பிறந்ததே உங்கள் நாவலப்பிட்டியில்தான், 1917இல். அந்த மண்ணில் பசியைப் பார்த்தவர் என்பதால்தான் சத்துணவு போட்டார். அந்த நன்றியாவது வேண்டும்.

வலிகாமத்தான்:
எம்.ஜி.ஆர். குடும்பம் அவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே கும்பகோணம் போய்விட்டது. அவர் பார்த்த பசி அங்கே பார்த்தது. எதையாவது எழுதாதீர்கள்.

திரியைத் தொடங்கியவருக்கு ஒன்று. எல்லாம் சம்பளம், கிலோ என்று போகிறது. மூலகாரணம் கல்வி. நாங்கள் யாழ்ப்பாணத்தில் பனையில் கிடைத்த பனாட்டும் ஒடியலும் தின்றாவது பிள்ளையைப் படிப்பித்தோம். உங்கள் தொழிற்சங்கத் தலைவர்கள் சந்தாவை வாங்கிக்கொண்டு மக்களை லயத்திலேயே வைத்திருந்தார்கள். அவர்களைக் கேளுங்கள்.

மூன்றாம்மலை:
இதற்காகத்தான் காத்திருந்தேன். சந்தாக் கணக்கை நாங்கள் எங்கள் தலைவர்களிடம் கேட்டுக்கொள்கிறோம். நீங்கள் 1948ஐக் கேளுங்கள். ஏறக்குறைய ஏழு லட்சம் பேரை ஒரு சட்டத்தில் நாடற்றவர் ஆக்கினார்கள், அடுத்த வருடம் வாக்கும் போனது. வாக்கு இல்லாதவனுக்கு எந்த எம்பி ஆஸ்பத்திரி கட்டுவான்? ஊர்ப்பக்கம் எல்லாம் சுகாதார வைத்திய அதிகாரி, மருத்துவமாது என்று அரசு வலை பின்னியது. தோட்டத்தை மட்டும் 1912ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தின் வழியே தோட்டத்தை நடத்திய துரையின் தலையில் கட்டிவிட்டுப் பேசாமல் இருந்தது. துரை ஒரு டிஸ்பென்சரி வைத்தார், எந்த நோய்க்கும் ஒரே கலர் தண்ணி. இதுதான் நேர்ப்பேச்சு அண்ணன் சொன்ன "எல்லோருக்கும்". 1951இல் எங்களுக்கு வாக்கு இருந்ததா இல்லையா? அப்போது உங்கள் யாழ்ப்பாணத் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் யாருடைய மந்திரிசபையில் உட்கார்ந்திருந்தார்?

வலிகாமத்தான்:
சரித்திரத்தை வடிவாக வாசித்துவிட்டு வாருங்கள். 1948 சட்டத்தை பொன்னம்பலம் எதிர்த்துத்தான் வாக்களித்தார். 1949 சட்டம் வேறு. அதை எதிர்த்துத்தானே செல்வநாயகம் பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்? உங்களுக்காக ஒரு கட்சியே உடைந்தது. அதற்கும் நன்றி இல்லை.

மூன்றாம்மலை:
எதிர்த்தார், பிறகு அதே அரசில் மந்திரியானார். ஒருவர் சத்துணவுக்கு நன்றி கேட்கிறார், ஒருவர் கட்சிக்கு நன்றி கேட்கிறார். தேயிலைக்கு எங்களுக்கு யார் நன்றி சொன்னது?

ஊவா_மருத்துவமாது:
1973, 74 பஞ்சத்தை யாரும் தொடவில்லையே. அரிசி, கோதுமை மா, சீனி எல்லாம் பங்கீடு, விலையோ மேலே. கிராமத்து ஆளுக்கு நாலு பலா, ஒரு துண்டு மரவள்ளி வைக்க நிலம் இருந்தது. தோட்டத்தில் தேயிலைதான், அதைத் தின்ன முடியாது. அந்த வருடங்களில் தோட்டத்துச் சிசு மரணம் ஆயிரத்துக்கு நூறைத் தாண்டியது. அப்போதும் நாட்டில் மருத்துவம் இலவசம்தான். அந்தப் பிள்ளைகளில் தப்பிப் பிழைத்தவர்கள்தான் இன்றைய பாட்டிமார்.

2022இலும் அதே கதை. 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள், கொழுந்து விழுந்தது, கிலோ வரவில்லை, அரைப்பேர். அதே நேரம் ஒரு கிலோ மா 400 ரூபாவைத் தாண்டியது. எங்கள் கிளினிக்கில் தராசு சொன்னது எங்களுக்குத்தான் தெரியும்.

நேர்ப்பேச்சு:
1974ஐயும் 2022ஐயும் கலக்காதீர்கள். 2022இல் எல்லோரும்தான் கஷ்டப்பட்டோம். நானும் சமையல் கேஸ் வரிசையில் நின்றவன். அதோடு நூறாக இருந்த சிசு மரணம் இவ்வளவு இறங்கியது எதனால்? இலவச மருத்துவத்தால். அதைத்தான் முதல் வரியிலிருந்து சொல்கிறேன்.

மூன்றாம்மலை:
கேஸ் வரிசை! லயத்தில் விறகு அடுப்பு ஐயா. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் சமையலும் படுக்கையும் இருமலும். உங்களுக்குக் கேஸ் தீர்ந்தது செய்தி.

சாவைக் குறைத்தது மருத்துவம்தான், அதை யார் மறுத்தது? உயிரோடு இருக்கிற பிள்ளை ஏன் வளரவில்லை என்பதுதான் கேள்வி. அதற்கு ஊசி கிடையாது. சம்பளம், வீடு, தண்ணீர், காணி. இந்த நாலையும் தீர்மானிப்பது சுகாதார அமைச்சு இல்லை. அதனால்தான் "ஒரே மருந்து" என்று நீங்கள் பாடுகிற பாட்டு எங்களுக்கு எரிகிறது.

இன்னொன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவில் குள்ளமானவர்களில் ஒல்லாந்தரும் (நெதர்லாந்துக்காரரும்) சேர்த்தி. இன்று உலகத்திலேயே உயரம் அவர்கள். பரம்பரையை மாற்றிக்கொண்டார்களா?

கணக்குப்புத்தகம்:
ஒல்லாந்தர் பால்கட்டி தின்பவர்கள்.

மூன்றாம்மலை:
அதைத்தானே சொல்கிறேன்!!!

நேர்ப்பேச்சு:
ஒல்லாந்தர் வெள்ளைக்காரர், அவர்களுக்கு வளர இடம் இருந்தது. கேட்கிறேன் என்று கோபிக்க வேண்டாம், மூன்றாம்மலை, உங்கள் உயரம் என்ன?

மூன்றாம்மலை:
ஐந்தடி மூன்று அங்குலம். என் மகன் கொழும்பில் வளர்ந்தவன், பதினாறு வயதில் என்னைவிட அரையடி மேலே நிற்கிறான். மனைவியும் தோட்டத்துக்காரிதான், அவரும் என்னைவிடக் குள்ளம். உங்கள் அளவுகோலைக் கொண்டு வாருங்கள்.

நேர்ப்பேச்சு:
ஒரு வீட்டுக் கதையை வைத்து விஞ்ஞானம் பேசுகிறீர்கள்.

மூன்றாம்மலை:
கேட்டது நீங்கள்!

சோழநாட்டான்:
கும்பகோணம் விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன். இரண்டு வயதில் போனாலும் பிறந்த மண் பிறந்த மண்தான். வலிகாமத்தான் பதில் சொல்லட்டும்.

வலிகாமத்தான்:
மூன்றாம்மலை முதலில் 1948 வாக்கெடுப்புக்குப் பதில் சொல்லட்டும். பொன்னம்பலம் எதிர்த்தாரா இல்லையா? ஆம், இல்லை.

ஊவா_மருத்துவமாது:
அரைப்பேர் பற்றி ஒருவராவது பதில் எழுதினீர்களா?

கணக்குப்புத்தகம்:
அரைப்பேர் என்பது சட்டவிரோதம் இல்லை. வேலைக்கு ஏற்ற கூலி. 16 கிலோத் தோட்டம் உண்டு என்று மேலேயே எழுதிவிட்டேன்.

மூன்றாம்மலை:
பெயர் எங்கே? தோட்டத்தின் பெயர் எங்கே? மேலே கேட்டு எத்தனை நேரம்?

நேர்ப்பேச்சு:
பஞ்சாபிக் கேள்வியும் மேலேதான் கிடக்கிறது. யாரும் தொடவில்லை.