பாப்பாவுக்கு ஆதிரை என்று வைக்கலாமா?

அக்கா: பாப்பாவுக்கு ஆதிரை என்று வைக்கலாம் என்று இருக்கிறோம். பிறப்பைப் பெயர் இல்லாமல் பதிந்தாயிற்று. 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை. ஆனாலும் தள்ளிப்போட மனமில்லை. எல்லோரும் சொல்லுங்கள்.

பாட்டி: பிள்ளை பிறந்தது ரோகிணி ஆச்சே கண்ணு? திருவாதிரை பேரை வைக்கலாமா?

அக்கா: நட்சத்திரம் பார்த்து எடுக்கவில்லை பாட்டி. பெயரே பிடித்துப்போனது.

மாமா: நல்ல பெயர்தான். தமிழ்தானா? வடமொழி ஆர்த்ரா என்பார்களே.

சித்தி: வேர் அதுதான் அண்ணா, ஈரமானது என்று பொருள். ஆனால் ஆதிரை என்ற வடிவம் நம்மிடம் நேற்று வந்ததில்லை. பரிபாடலிலேயே மார்கழி ஆதிரை விழா வருகிறது. அப்பர் திருவாரூர் ஆதிரைத் திருநாளுக்கு ஒரு பதிகமே பாடியிருக்கிறார். பாட்டுக்குப் பாட்டு ‘ஆரூர் ஆதிரைநாளால் அது வண்ணம்’ என்று முடியும். இதற்கு மேல் என்ன தமிழ் வேண்டும்?

நான்: ராத்திரி மொட்டை மாடியில் பார்க்கிற விண்மீனும் அதுதான் அக்கா. ஓரியன் விண்மீன் கூட்டத்தில் மூன்று விண்மீன் வரிசையாக நிற்குமே, அதற்கு வடக்கே சிவப்பாக ஒன்று. விட்டத்தில் சூரியனைப் போல் பல நூறு மடங்கு. 2019 கடைசியில் மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் ஒளி குறைந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அது கக்கிய தூசு மறைத்ததுதான் காரணம் என்று அப்புறம் கண்டுபிடித்தார்கள். இப்போது பழையபடி மின்னுகிறது.

அத்தான்: இது எனக்குப் புதுச் செய்தி மாப்பிள்ளை 👌

மாமா: சரி, எனக்கு ஒரே தயக்கம். மணிமேகலையில் வரும் ஆதிரை தீயில் இறங்கியவள் அல்லவா? கஷ்டப்பட்டவள் பெயர் எதற்கு?

சித்தி: கதையை முழுசாகப் பாருங்கள் அண்ணா. கணவன் சாதுவன் பொருளையெல்லாம் தொலைத்துவிட்டுக் கப்பலேறிப் போகிறான். கப்பல் உடைந்து அவன் இறந்ததாகச் சேதி வருகிறது. அவள் தீயில் இறங்குகிறாள், தீ அவளைச் சுடவே இல்லை. உன் கணவன் உயிரோடு இருக்கிறான் என்று அசரீரி சொல்கிறது. அவனும் திரும்பி வருகிறான். ஆனால் அந்தக் காதைக்குப் பெயரே ‘ஆதிரை பிச்சையிட்ட காதை’. அமுதசுரபியைக் கையில் ஏந்தி முதல் பிச்சை யாரிடம் வாங்குவது என்று மணிமேகலை கேட்கும்போது, காயசண்டிகை என்ற பெண் காட்டுவது ஆதிரை வீட்டு வாசலைத்தான்.

‘பாரகம் அடங்கலும் பசிப்பிணி அறுகென
ஆதிரை இட்டனள் ஆருயிர் மருந்து’

உலகம் முழுக்கப் பசி தீரட்டும் என்று சொல்லிச் சோறு போட்டவள். அவள் இட்ட பிறகுதான் அந்தப் பாத்திரம் ஊருக்கே சோறு போடுகிறது. என் பேத்திக்கு அவள் பெயர் என்றால் எனக்குப் பெருமை.

மாமா: அப்படியானால் எனக்குச் சம்மதம்.

பாட்டி: சோறு போட்ட மகராசி பேரா, வையுங்கள். நட்சத்திரம் கிடக்கட்டும்.

அக்கா: 🙏🙏 ஒன்றே ஒன்று. ஆங்கிலத்தில் எழுதினால் ஆதிரா என்று படித்துவிடுவார்களோ?

சித்தி: ஆதிராவும் கேரளத்தில் இதே நட்சத்திரத்தின் பெயர்தான். ஆனால் நம் பிள்ளைக்கு ஐகாரம் போகக்கூடாது. ஆங்கிலத்தில் கடைசியில் ஏ, ஐ (ai) இரண்டு எழுத்தும் வரட்டும். தமிழில் எழுதிய பெயரையும் விண்ணப்பத்தில் கொடுத்துவிடுங்கள்.

அத்தான்: சரி அத்தை. திங்கட்கிழமை நானே போய்க் கொடுத்துவிடுகிறேன்.