பதில்: முன்னிசைவா, முன் ஒப்புதலா?

அன்புள்ள குழுவினருக்கு,

ஒரு திட்டம் வரும் முன் அந்த நிலத்துப் பழங்குடி மக்களிடம் பெற வேண்டிய ‘free, prior and informed consent’ என்பதற்குத் தமிழ்க் கலைச்சொல் எது என்ற நம் விவாதத்துக்கு என் பதில் இது.

> ‘முன்னறி சுதந்திர ஒப்புதல்’ என்று வைத்தால் மூன்று அடைமொழிகளும் வந்துவிடுகின்றன. இதில் என்ன குறை?

குறை ‘ஒப்புதல்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது, ஐயா. நம் செய்தித்தாள்களில் ஒப்புதல் அளிப்பவர்கள் யார்? அமைச்சரவை, ஆட்சியர், வாரியம். பழங்குடி மக்களின் உரிமைகள் குறித்த 2007ஆம் ஆண்டு ஐ.நா. பிரகடனத்தின் 32ஆம் பிரிவோ, ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தரும் முன்பே அந்த நிலத்து மக்களைக் கேட்க வேண்டும் என்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் இந்த வாக்கியத்தையே தமிழில் எழுத முடியாது. அரசு தருவது ஒப்புதல். மக்கள் தருவது இசைவு. இசைந்தால் உண்டு, இசையாவிட்டால் இல்லை.

> அதற்குச் ‘சம்மதம்’ போதுமே. எல்லாருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல் என்பதால்தான் தயங்குகிறேன். ‘மௌனம் சம்மதம்’ என்ற வழக்கும் அதனோடு ஒட்டிக்கொண்டு வரும். அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஒன்றான கிரேட் நிக்கோபாரை எண்ணிப் பாருங்கள். துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரியம் எனச் சுமார் 166 சதுர கிலோமீட்டர் திட்டம். அதில் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு. அந்தத் தீவின் காட்டுக்குள் வாழும் ஷோம்பென் மக்கள் 2011 கணக்கெடுப்பில் 229 பேர். வெளியாரோடு பெரும்பாலும் பேசாதவர்கள். அவர்களுடைய மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளும் உரிமை யாருக்கு இருக்கிறது?

அதே தீவின் இன்னொரு பழங்குடியான நிக்கோபாரி மக்களின் நிலை வேறு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் சொந்த ஊர்களை விட்டு அகற்றிக் குடியமர்த்தப்பட்டவர்கள். திரும்பிப் போகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுடைய பழங்குடி மன்றம் 2022 ஆகஸ்டில் இத்திட்டத்துக்குத் தடையில்லாச் சான்று கொடுத்தது. நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. தங்கள் பழைய ஊர்களின் நிலமும் திட்டத்துக்குள் வருவதை முன்பு முழுதாகத் தெரிவிக்கவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம்.

‘தடையில்லாச் சான்று’ என்ற சொல்லைச் சற்று நின்று பாருங்கள். திட்டம் முதலில் வந்து நிற்கிறது. தலைமுறைகளாக அங்கே வாழ்பவர்கள் அதற்குத் தடையாகிவிடுகிறார்கள். மொழிபெயர்ப்புக்காக ஒருமுறை என்னிடம் வந்த படிவத்தில் ‘ஆட்சேபணை இல்லை’ என்று அச்சிட்டு, கீழே கைநாட்டுக்கு ஒரு கட்டம் விட்டிருந்தார்கள். ஆட்சேபணை இருந்தால் எழுத ஒரு வரிகூட இடமில்லை. அதனால்தான் நம் கலைச்சொல்லில் ‘free’ என்பதற்குத் ‘தடையற்ற’ என்ற அடைமொழியும் வேண்டாம் என்கிறேன்.

மறுப்புக்கு இடம் இருந்தால் என்ன நடக்கும் என்பதை ஒடிசாவின் நியமகிரி மலை காட்டியது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 2013இல் கூடிய 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கத்துக்கு இசைய மறுத்தன. மலை தப்பியது.

என் பரிந்துரை: ‘தெளிந்த முன்னிசைவு’. ‘அறிந்த’ என்பதைவிடத் ‘தெளிந்த’ நல்லது. ஒரு கூட்டத்தில் வரைபடத்தைக் காட்டிவிட்டு ‘அறிவித்தோம்’ என்று சொல்லிவிடலாம், ‘தெளிந்தார்கள்’ என்று அவ்வளவு எளிதில் சொல்ல முடியாது. ‘இசைவைத் திரும்பப் பெறுதல்’, ‘இசைவின்மை’ ஆகியவையும் இடறாமல் வருகின்றன. சட்ட ஆவணங்களில் மட்டும் ‘வற்புறுத்தலற்ற, தெளிந்த முன்னிசைவு’ என்று முழுதாக எழுதலாம்.

‘வற்புறுத்தலற்ற’ நீளம்தான். ‘தன்னிச்சை’ இன்று மனம்போன போக்கு என்ற பொருளுக்குப் போய்விட்டதால் அதை எடுக்க மனம் வரவில்லை. சிறிய சொல் தோன்றினால் எழுதுங்கள். அதுவரை பட்டியலில் இதையே இட்டுவைக்கிறேன்.