புதுப்பிப்பு: கூனி பேசத் தொடங்கிவிட்டாள்

இராமாயணத்தைக் கைகேயியின் தாதியான கூனி மந்தரையின் வாய்மொழியாக எழுதப்போகிறேன், எங்கே தொடங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். கைகேயியின் அந்தப்புரம் என்றீர்கள் பலர். நான் இன்னும் பின்னால் போய்விட்டேன். சிறுவன் இராமன் வில்லில் வைத்து அவள்மேல் அடித்த மண்ணுண்டையைக் கம்பர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுக் கடக்கிறார். எனக்கு அதுவே முதல் அத்தியாயம். உண்டை முதுகில் பட்டுத் தெறிக்கிறது, தாதியர் சிரிக்கிறார்கள், அவளும் சிரித்தாக வேண்டும், அரசகுமாரன் ஆயிற்றே!

வஞ்சகிக்கு வெள்ளையடிக்காதே என்றவர்களுக்கு: அடிக்கவில்லை. கைகேயி தந்த மாலையை அவள் வீசியெறிவது அப்படியே இருக்கிறது.

இப்போது சிக்கி நிற்பது வால்மீகியில் சத்துருக்கனன் அவளைத் தரையில் இழுக்கும் இடம். பெண்ணைக் கொல்லலாகாது, இராமன் அறிந்தால் நம்மோடு பேசமாட்டான் என்று பரதன் தடுக்கிறான். பரதனால் உயிர் பிழைத்ததை அவள் எந்தக் குரலில் சொல்வாள்? இரண்டு வடிவம் எழுதிக் கிழித்தாயிற்று.